தூங்குகிறவரை எழுப்பாத பூபதி

என் வீட்டுக்காரர் பூபதிக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை. அதனால் அவர் அதை ஒரு லாரியாகவே வைத்துக்கொண்டார். காலையில் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் மேசையைச் சுற்றி வந்து ஒரு பார்வை பார்ப்பார். பின்பக்கத்து ஒயர்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்ப்பார். டயரைத் தட்டிப் பார்க்காததுதான் பாக்கி. ஆயுத பூஜை அன்றைக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். எலுமிச்சம்பழத்தை எந்தச் சக்கரத்துக்கு அடியில் வைப்பது என்று தெரியாமல் மேசைக்காலுக்கு அடியில் வைத்து நசுக்கினார். நான் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியை. என் வாய் சும்மா இருக்காது. "ஏனுங்க, லாரிக்கு மாதிரி இதுக்கும் எஃப்.சி. எடுக்கோணுங்களா?" என்று கேட்டேன். "எடுக்கச் சொன்னா எடுத்துப்புடலாம் நாயகி" என்றார், சிரிக்காமல்.

ராசிபுரத்தில், பட்டணம் என்கிற பக்கத்து ஊருக்குப் போகிற சாலையில் எங்கள் வீடு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி விசாரிக்க வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுவேன், அதனால் இங்கேயும் அதற்கு மேல் சொல்லப்போவதில்லை.

அவர் இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டினார். நாமக்கல்லில் முட்டை ஏற்றினால் புவனேஸ்வரத்திலோ கல்கத்தாவிலோ போய்த்தான் இறக்குவார். முட்டை லோடு மற்ற லோடு மாதிரி இல்லை. கெடுவதற்குள் போய்ச் சேர வேண்டும், ஆனால் பள்ளம் மேடு பார்த்து அலுங்காமலும் போக வேண்டும். அதனால் வண்டியில் எப்போதும் இரண்டு டிரைவர். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற பலகையில் படுத்துத் தூங்குவார். பதினாறு வருடம் இவரோடு அந்தப் பலகையை மாறி மாறிப் பங்கு போட்டுக்கொண்டவர் ஆண்டகளூர் கேட் அங்கமுத்து. இவரைவிட மூன்று வயது மூத்தவர். என்னோடு இருந்த நாட்களைவிட அவரோடு இருந்த நாட்கள்தான் இவருக்கு அதிகம். அதைச் சொல்லி நான் சண்டை போட்ட காலமும் உண்டு.

இவருக்கு ஒரு பழக்கம். தூங்குகிறவரை எழுப்ப மாட்டார். வண்டியில் ஆள் மாறுகிற நேரம் வந்துவிட்டாலும், அங்கமுத்து அசந்து தூங்கினால் தானே இன்னும் இரண்டு மணி நேரம் ஓட்டுவார். வீட்டிலும் இதே கதைதான். நான் என்றைக்காவது அயர்ந்து தூங்கிவிட்டால், பள்ளி வேன் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போன பிறகு கையில் காப்பியோடு வந்து நிற்பார். "நல்லாத் தூங்கிட்டு இருந்த சாமி. எழுப்ப மனசு வரல" என்பார். அந்த மனசைக் கொண்டுபோய் ஹெட்மாஸ்டரிடம் காட்ட முடியுமா? திட்டிக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடுவேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதம் அந்தப் பழக்கம்தான் எங்களைக் கவிழ்த்தது. ஓங்கோல் தாண்டி ஒரு கடையில் மதியச் சாப்பாடு. அங்கிருந்து அங்கமுத்து ஓட்ட வேண்டும். அவர் முதலில் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பலகையில் சாய்ந்திருந்தார். இவர் வந்து எட்டிப் பார்த்தார், தூங்குகிறார் என்று கண்டார், சத்தம் போடாமல் ஏறி வண்டியை எடுத்தார். ஒரு மணி நேரத்தில் இவருக்குக் கண் சொருகிவிட்டது. ஓரமாக நின்றிருந்த டிப்பர் லாரியின் பின்னால் வண்டி போய் மோதியது. இடது பக்கம் நசுங்கி, அங்கமுத்துவின் இடது கால் கணுக்காலுக்கு மேலே போனது. இவருக்கு முதுகெலும்பில் இரண்டு இடத்தில் அடி. "ரோடு பூராவும் மஞ்சளா இருந்துச்சு நாயகி" என்பார். அதற்கு மேல் என்னிடம் எதையும் சொன்னதில்லை. அன்றிலிருந்து ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. பகலில் படுக்கவும் மாட்டார். எவ்வளவு முதுகுவலி என்றாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

அங்கமுத்து செயற்கைக்கால் வைத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே ஓர் எடை மேடையில் லாரிகளுக்கு எடைச்சீட்டு எழுதும் வேலைக்குப் போனார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இவர் அவர் வீட்டுக்குப் போவார். வெறுங்கையோடு போக மாட்டார். கடை வீதி நெய் ஒரு பாட்டில், இல்லையென்றால் சீப்புப் பழம். அங்கமுத்து "வா" என்பார். பிறகு சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பத்து நிமிடத்துக்கு மேல் அந்த இரண்டு பேராலும் ஒரே இடத்தில் இருக்க முடிந்ததில்லை. "அண்ணனுக்குக் கோவம் போகல. போகவும் வேண்டாம், நியாயந்தான்" என்று இவர் வந்து சொல்வார். ஆறு வருடத்தில் அங்கமுத்து எங்கள் வாசற்படியை மிதிக்கவில்லை.

கம்ப்யூட்டர் வந்தது எங்கள் பள்ளியிலிருந்து. புது மெஷின்கள் வாங்கியபோது பழையவற்றை ஆசிரியர்களுக்குத் தள்ளிவிட்டார்கள். எனக்கு அது கேள்வித்தாள் அடிக்க வேண்டும். பதினைந்து வருடமாக நான் தட்டி வைத்த தமிழ்க் கேள்வித்தாள்கள் எல்லாம் ஒரு பழைய எழுத்துருவில் இருந்தன. அந்த மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டும்தான் ஓடும். அதற்கு மேலே எதைப் போட்டாலும் என் இலக்கணமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். சில மாதத்தில் இவருக்கும் கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. தெரிந்த லாரி ஆபீஸ்காரர்கள் இவரிடம் சரக்கு வண்டிக்கு வேண்டிய இ-வே பில் போட்டுத்தரச் சொன்னார்கள். அந்த இணையதளம் எக்ஸ்பியில் திறக்காது, விண்டோஸ் டென் வேண்டும்.

மூன்றாவது ஆள் ஜெயப்பிரியா, அங்கமுத்துவின் ஒரே மகள். திருச்செங்கோட்டுப் பக்கம் இன்ஜினியரிங் காலேஜில் கம்ப்யூட்டர் படிப்பு, கடைசி வருடம். அவள் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்தபோது அரசாங்கத்தின் இலவச லேப்டாப் திட்டம் நின்றுபோயிருந்தது. வீட்டில் போன் மட்டும்தான். அதைக் கேள்விப்பட்ட ஞாயிற்றுக்கிழமை இவர் அங்கமுத்துவிடம், "நம்ம ஊட்டுல பொட்டி ஒண்ணு சும்மாதான் கெடக்குதுங்கண்ணா. பாப்பா வந்து பண்ணிக்கட்டும்" என்றார். சும்மா கிடந்ததாம், நானும் அவரும் முறை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்த பெட்டி! அங்கமுத்து வெகுநேரம் சாலையைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்காக இவர் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பார். ஆனால் ஜெயப்பிரியாவுக்கு லினக்ஸ் வேண்டும்.

ஒரே ஹார்டு டிஸ்க், மூன்று ஆபரேட்டிங் சிஸ்டம். முடியும் என்று இவர் ஒரு வீடியோவில் பார்த்தாராம். டிரிப் எழுதிய பழைய நோட்டைத் தேடி எடுத்து, பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தார். டிஸ்கை நான்காகப் பிரித்துக் கோடு போட்டார். மூன்று பேருக்கு மூன்று பாகம், நான்காவது எல்லோருக்கும் பொது. முதல் தடவை லினக்ஸைப் போட்டுவிட்டு அப்புறம் விண்டோஸைப் போட்டார். லினக்ஸ் உள்ளே இருந்தும் திறக்கிற பட்டியலில் அதன் பெயரே இல்லை. அடுத்த தடவை எக்ஸ்பி காணாமல் போனது. இன்னொரு தடவை கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் மினுக்கிக்கொண்டே இருந்தது. என் கேள்வித்தாள்களை முன்கூட்டியே பென் டிரைவில் ஏற்றி வைத்திருந்ததால் அவர் பிழைத்தார். பதினோரு தடவை போட்டு அழித்தார். மாசக் கணக்கில் கூடமெல்லாம் சிடியும் ஒயருமாகக் கிடந்து நடக்க வழியில்லை.

பன்னிரண்டாவது தடவை நோட்டில் இருந்தபடி செய்தார். பழைய எக்ஸ்பி முதலில், அப்புறம் விண்டோஸ் டென், கடைசியாக லினக்ஸ். நான் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தேன். "நாயகி, வந்து பாரு" என்று கூப்பிட்டார். கரண்டியோடு போனேன். திரையில் மூன்று பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. "மூணு பேரும் ஏறிட்டாங்க" என்றார். எனக்கு விளக்கவும் செய்தார். ஒரே வண்டி, மூணு டிரைவர், ஒரு நேரத்துக்கு ஒருத்தர்தான் ஸ்டீயரிங்கைப் பிடிக்க முடியும், பின்னால இருக்கிற லோடு மூணு பேருக்கும் பொது. தமிழாசிரியைக்கு அது சட்டென்று புரிந்தது. ஜெயப்பிரியா வந்து பார்த்துவிட்டு, "எங்க லேப்ல கூட ரெண்டுதான் சித்தப்பா" என்றாள். இவர் இரண்டு நாள் முதுகுவலியைப் பற்றிப் பேசவே இல்லை.

அந்த நோட்டில் ஒரு வரியைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு வைத்திருந்தார். "ஒருவர் முழுதாக இறங்கிய பிறகே அடுத்தவர் ஏற வேண்டும்." ஒரு சிஸ்டத்தை முழுக்க அணைத்துவிட்டுத்தான் இன்னொன்றைத் திறக்க வேண்டும் என்று அர்த்தம். எழுதினாரே ஒழிய, பழக்கம் விடுமா? விண்டோஸில் பாதி அடித்த பில் நாலைந்து திறந்து கிடக்கும். அதையெல்லாம் மூடி அணைக்க மனசு வராது. இருக்கிறதை இருக்கிறபடி வைத்து அதைத் தூங்கவைக்கிற வசதி ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டு, ஜெயப்பிரியாவுக்கு லினக்ஸைத் திறந்து கொடுத்துவிடுவார். "அது தூங்குது. எதுக்குக் கெடுக்கோணும்?" என்பார். சில வாரம் ஒன்றும் ஆகவில்லை.

ஜெயப்பிரியாவின் புராஜெக்ட் முட்டை. வேறென்ன இருக்கப்போகிறது எங்கள் ஊரில்? படத்தைப் பார்த்துக் கிராக் முட்டையைக் கண்டுபிடிக்கிற புரோகிராம். அது கற்றுக்கொள்வதற்கு ஏராளமான படங்கள் வேண்டுமாம். மூன்று மாதம் ஒரு கோழிப்பண்ணைக்குப் போய், இருட்டறையில் முட்டைக்கு அடியில் லைட் வைத்து, ஆயிரத்து நானூறு படம் எடுத்தாள். அங்கே முட்டை பிரிக்கிற அம்மா ஒருவர் ஒவ்வொன்றாகப் பார்த்து நல்லது, கிராக் என்று சொல்ல, அதையே படத்துக்குப் பெயராக வைத்தாள். புரோகிராம் அவளுடைய மெயிலில் பத்திரமாக இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் படங்களையெல்லாம் எங்கள் கம்ப்யூட்டரின் பொது இடத்தில் ஏற்றினாள். போன் நிரம்பி வழிந்ததால் அதில் இருந்ததை அழித்துவிட்டாள். அப்போது விண்டோஸ் தூங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலையில் இவர் விண்டோஸை எழுப்பினார். இரண்டு பில் போட்டுப் பொது இடத்தில் சேமித்தார். மதியம் மெஷின் என்னமோ முரண்டு பிடித்து, தானே நின்று, தானே கிளம்பி, டிஸ்கைச் சரிபார்க்கிறேன் என்று சதவீதம் காட்டியது. "பாரு, அதுவே சரி பண்ணிக்குது" என்று இவர் பெருமையாக உட்கார்ந்திருந்தார். நாலு மணிக்கு ஜெயப்பிரியா வந்து பார்த்தபோது படங்கள் இருந்த ஃபோல்டரே இல்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவள் புராஜெக்ட்டைக் காட்ட வேண்டும். படம் இல்லாமல் புரோகிராம் ஓடாது. அவளுக்குச் சென்னையில் ஒரு வேலை முடிவாகியிருந்தது, படிப்பை இந்த வருடமே முடித்தால். அந்த வீட்டில் அடுத்த சம்பளம் அதுதான். இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. இவர் நோட்டை எடுத்து வந்து சிவப்பு வரியை அவளிடம் காட்டினார். "எழுதியே வச்சிருக்கேன் பாரு சாமி. எழுதி வச்சும் பண்ணிட்டேன்" என்றார். அப்போது நான் ஒன்று சொன்னேன். "அந்த ஊட்டுக்கு நீங்க பண்ணுனது பத்தாதுங்களா?" என்றேன். ஆறு வருடமாக அவரை யாரும் கேட்காத கேள்வியை, கட்டினவள் நான் கேட்டேன். அவர் பின்பக்கம் போய்த் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். என் நாக்கை நான் அன்றைக்கு வெறுத்த மாதிரி என்றைக்கும் வெறுத்ததில்லை.

ஜெயப்பிரியாதான் முதலில் அசைந்தாள். விண்டோஸை முழுக்க அணைத்துவிட்டு லினக்ஸைத் திறந்தாள். விண்டோஸ் சில ஃபோல்டர்களை நம் கண்ணில் காட்டாமல் மறைத்து வைக்குமாம், லினக்ஸுக்கு அந்த மறைப்பெல்லாம் கிடையாதாம். பொது இடத்தில் நாங்கள் பார்த்தறியாத ஒரு ஃபோல்டர் இருந்தது. டிஸ்கைச் சரிபார்த்தபோது சொந்தக்காரர் தெரியாத கோப்புகளையெல்லாம் மெஷின் அள்ளி அதில் போட்டு, வரிசையாக எண் கொடுத்து வைத்திருந்தது. அவள் ஒன்றைத் திறந்தாள். கறுப்புப் பின்னணியில் ஒரு முட்டை மஞ்சளாக ஒளிவிட்டது.

"சித்தி, படமெல்லாம் இருக்குது. பேருதான் போச்சு" என்றாள். பிறகு அவள் முகம் மறுபடியும் விழுந்தது. எது நல்லது, எது கிராக் என்பது பெயரில் மட்டும்தான் இருந்தது. "அந்த அம்மா சொல்லச் சொல்ல எழுதுனேன் சித்தி. எனக்குத் தனியாப் பாக்கத் தெரியாது. அவங்களும் போன வாரமே ஊருக்குப் போயிட்டாங்க."

"அது கிராக்கு" என்று பின்வாசற்படியிலிருந்து குரல் வந்தது. இவர் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. "கீழ்ப் பக்கம் பாரு, மயிரிழையா ஓடுது. அடுத்ததப் போடு. இது நல்லது. இதுவும் நல்லது. இது கிராக்கு, கோழி கொத்துனது."

லோடு இறக்குகிற இடத்தில் வியாபாரி கிராக் முட்டையைப் பிரிக்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டியவர் டிரைவர்தான். நல்ல முட்டையையும் வியாபாரி கழித்துவிடுவார் என்று டிரைவர்கள் கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பார்கள். இருபத்திரண்டு வருடம் லட்சக்கணக்கில் பார்த்த கண். ஆனால் முதுகு அந்தக் கண்ணோடு ஒத்துழைக்கவில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் அவரால் நாற்காலியில் உட்கார முடியாது. இருநூறு படத்தில் வேர்த்துவிட்டது. ஜெயப்பிரியா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். பக்கத்திலேயே இன்னொரு ஜோடிக் கண் இருப்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவள் போனை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அங்கமுத்து கம்பியைப் பிடித்து மெதுவாக இறங்கினார். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடி. "வாங்க மாமா" என்றேன். "வாரேன் அம்மிணி" என்று சொல்லிவிட்டு, படியில் எந்தக் காலை முதலில் வைப்பது என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு ஏறி வந்தார். இவர் நாற்காலியை இழுத்துப்போட்டுவிட்டுச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார்.

முறை வைத்துக்கொண்டார்கள். நூறு படம் இவர், அடுத்த நூறு அவர். சந்தேகமான படத்தைத் தனியே ஒதுக்கிவிட வேண்டும், கடைசியில் இருவரும் சேர்ந்து பார்ப்பது. ஜெயப்பிரியா பட்டனைத் தட்டத் தட்ட, கூடத்தில் "நல்லது, நல்லது, கிராக்கு, நல்லது" என்று சத்தம் போய்க்கொண்டே இருந்தது. முதல் இருநூறு வரை ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்க்கவில்லை. அப்புறம் இவர் ஒன்றை நல்லது என்று சொல்ல, கட்டிலில் காலைக் கழற்றி வைத்துச் சாய்ந்திருந்த அங்கமுத்து, "கண்ணாடியத் தொடச்சுட்டுப் பாருப்பா, அது கிராக்கு" என்றார். "கிராக்கு இல்லீங்க, எச்சம்" என்றார் இவர். "எச்சத்துக்குள்ள எங்கிருந்து வெளிச்சம் வருது?" என்றார் அவர். நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அதையே காரணமாக வைத்துக்கொண்டேன்.

மத்தியானம் சாப்பிட்டு முடித்தபோது எழுநூறு தாண்டியிருந்தது. அங்கமுத்து கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "ஏம்பா பூபதி, அத்தன படமும் எப்படிப் போச்சு? பாப்பா சொன்னா, எனக்குப் புரியல."

இவர் தனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னார். "ஒருத்தன் பலகையில தூங்குறானுங்கண்ணா. தூங்கப் போறப்ப லோடு என்ன இருந்துச்சோ அதுதான் அவன் நெனப்புல இருக்குது. நடுவுல இன்னொருத்தன் வந்து வேற லோடு ஏத்திட்டான். இவன் எந்திரிச்சதும் லோடப் பாக்கல, பழைய டிரிப் சீட்டையே நம்பி எழுதிப்புட்டான். புதுசா ஏத்துனதெல்லாம் சீட்டுல இல்லாமப் போச்சு." தட்டைத் தள்ளி வைத்தார். "முழுசா எறக்கி உட்டிருக்கோணும். இல்லாட்டி பாப்பா வாரதுக்குள்ள எழுப்பியிருக்கோணும். ரெண்டையும் பண்ணல. தூங்குதேன்னு உட்டுட்டேன். அன்னைக்கும் அதேதானுங்கண்ணா பண்ணுனேன்."

ஆறு வருடத்தில் அந்த நாளைப் பற்றி அவர்கள் பேசியது அதுதான் முதல் தடவை. ஜெயப்பிரியா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போகப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அது நெசமாத் தூங்குச்சா?" என்று அங்கமுத்து கேட்டார்.

"தூக்கம்னு சொல்ல முடியாதுங்க. வெளிய இருந்து பாத்தா அணைஞ்ச மாதிரியேதான் இருக்கும். உள்ளுக்குள்ள எல்லாத்தையும் நெனப்புல வச்சுக்கிட்டுக் கெடக்கும்."

அங்கமுத்து திரையில் நின்றுபோயிருந்த முட்டையைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். சாலையைப் பார்க்க எங்கள் கூடத்தில் ஜன்னல் இல்லை.

"நானும் அன்னைக்குத் தூங்கல பூபதி" என்றார். "நீ வந்து எட்டிப் பாத்தது தெரியும். என்ற மூஞ்சில வெய்யிலு அடிக்குதுன்னு உன்ற துண்ட எடுத்து ஜன்னல்ல சொருகுனயே, அதுவும் தெரியும். கண்ண மூடிக்கிட்டுத்தான் கெடந்தேன். வெய்யிலு. இன்னொரு மணி நேரம் அவனே ஓட்டட்டுமேன்னு நெனச்சேன். நீ எழுப்ப மாட்டீன்னு எனக்குத் தெரியும்."

அந்தத் துண்டைப் பற்றி இவர் என்னிடம்கூடச் சொன்னதில்லை.

"வாரா வாரம் நெய்யும் பழமும் கொண்டாந்து வெக்கிற. உன்ற மூஞ்சியப் பாக்க முடியாமத்தான் நான் ரோட்டப் பாத்துக்கிட்டு இருந்தேன். சொல்லிப்புடோணும்னு ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் நெனப்பேன். நீ எந்திரிச்சுப் போயிருவ."

கோபம் வந்தது எனக்கு. மறைக்காமல் சொல்கிறேன், நன்றாகக் கோபம் வந்தது. ஆறு வருடமாக என் மனிதர் பகலில் படுக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதெல்லாம் கண்முன்னால் வந்தது. ஏதாவது கேட்டுவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. முந்தின நாள் இதே வாய் கேட்ட கேள்வியும் கூடவே ஞாபகம் வந்ததால் மூடிக்கொண்டேன். அந்த மனிதரும் தூங்காமல்தானே கிடந்திருக்கிறார் இத்தனை நாள்.

இவர் "இன்னும் அறுநூறு இருக்குதுங்கண்ணா" என்றார். போய் நாற்காலியில் உட்கார்ந்தார். "போடு சாமி" என்று ஜெயப்பிரியாவிடம் சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டனைத் தட்டினாள்.

திங்கட்கிழமை என்ன ஆனது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவள் காட்டினாள், புரோகிராம் ஓடியது, இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். பதினாலு படம் கடைசி வரை கிடைக்கவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது திங்கட்கிழமையைப் பற்றி இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி சுமாருக்கு நடந்தது இது.

இவர் தன் நூறை முடித்திருந்தார். முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கட்டிலில் அங்கமுத்து கண்ணை மூடிப் படுத்திருந்தார், வாய் லேசாகத் திறந்திருந்தது. அடுத்த நூறையும் இவரே பார்க்கப்போகிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குனிந்து அங்கமுத்துவின் தோளைத் தொட்டு அசைத்தார்.

"அண்ணா, எந்திரிங்க. உங்க முறை."

அங்கமுத்து கண்ணைத் திறந்து இவரையே பார்த்தார். செயற்கைக்காலை எடுத்து மாட்டிக்கொண்டு, கண்ணாடியை வேட்டியில் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாற்காலிக்குப் போனார். காலியான கட்டிலில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்தார், அப்புறம் சாய்ந்தார். ஆறு வருடத்துக்குப் பிறகு பட்டப்பகலில் அவர் படுத்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பத்துப் படம் போவதற்குள் குறட்டை கேட்டது.

ஜெயப்பிரியா திரும்பி என்னைப் பார்த்தாள். அங்கமுத்து திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், குரலைத் தாழ்த்தி, "மெதுவாத் தட்டு பாப்பா, தூங்கறான்" என்றார். "நூறு முடியட்டும். நான் எழுப்பறேன்."